பதினாறு இடது கைகள்

திங்கட்கிழமை பள்ளிக்கு ஒரு கட்டு வந்தது. பழுப்பு உறைக்குள் முப்பது பிரதிகள். ஒவ்வொன்றிலும் நான்கு தாள், மூலையில் ஒரு பின். மேல் தாளில் 'முன்னோட்டப் பாடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உறையைக் கிழித்ததும் மை வாசனை குப்பென்று வந்தது. நீ இருந்திருந்தால் படிப்பதற்கு முன்பே தாளை மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்திருப்பாய். புதுப் பாடத்துக்கு இந்த வாசனை ரெண்டு நாள்தான், பிள்ளைகள் கைக்குப் போய்விட்டால் அப்புறம் வேர்க்கடலை வாசனைதான் என்பாய்.

நான் முகரவில்லை. நேரே பாடத்தைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புக் கணக்கு, பின்னம். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா? அதே கேள்விதான். படத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். முன்பு தர்பூசணி, இப்போது பீட்சா. நம் பக்கத்துப் பிள்ளைகள் அதை டிவி விளம்பரத்தில் பார்த்ததோடு சரி. அது போகட்டும். நான் தேடியது உன் இரண்டு பக்கங்களை. தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் அந்த இரண்டு பக்கங்கள் இதிலும் இல்லை. நான்கு தாளையும் முன்னும் பின்னுமாகப் புரட்டிவிட்டு, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எழுதப் பயந்துகொண்டு மற்றதையும் எழுதாமல் விட்டேன்.

நாம் இருவரும் ஒரே ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்து, ஒரே வருடம் வேலைக்கு வந்து, ஒரே பள்ளியில் சேர்ந்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். திருப்புலிவனத்தைத் தாண்டி வயல் நடுவில் நின்ற அந்த ஈராசிரியர் பள்ளியில் நீ ஒன்று, இரண்டு. நான் மூன்று, நான்கு, ஐந்து. நடுவில் சுவர் கிடையாது, ஒரு பீரோதான். நீ பாடம் நடத்தினால் என் பிள்ளைகளும் சேர்ந்து கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். உன் பாடம் நன்றாக இருந்ததுதான் அந்த எரிச்சலுக்குக் காரணம், அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வருடம் மாசியில் எனக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் வேப்பிலைப் படுக்கை. திரும்பி வந்தால் பாடமெல்லாம் பாதியில் நிற்கிறது, நான்காம் நாள் ஆண்டாய்வு என்று சுற்றறிக்கை வந்து கிடக்கிறது. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் பீரோவுக்குப் பின்னால் நின்று அழுதேன். நீதான் வந்து தோளைத் தட்டி அந்த யோசனையைச் சொன்னாய். கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கையைப் பார்த்து மட்டும் எழுப்ப வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு வகுப்பே கை தூக்கி நிற்பதாகத் தெரியும்.

மூன்று நாள் பழக்கினோம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஆய்வுக்கு வந்தவர் பூரித்துப் போய்ப் பதிவேட்டில் இரண்டு வரி பாராட்டி எழுதிவிட்டுப் போனார். நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன். நீ மட்டும் அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றாய். நான் வாங்கிக் கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாய். உத்திரமேரூர் பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொன்னாய்:

"இன்னிக்கு அந்தப் புள்ளைங்க தெரியலன்னுதான் கைய தூக்கிக்கினு நின்னுச்சுங்க. நம்ப ரெண்டு பேரும் பாக்காத மாதிரி இருந்துட்டோம்டி."

ஆண்டாய்வுக்கு ஊரில் எல்லோரும்தான் ஏதோ ஒரு வித்தை செய்கிறார்கள், இதைப் போய்ப் பெரிதாகப் பேசுகிறாயே என்று நான் உன்னைத் திட்டினேன். உன் வாழ்க்கை அந்த பஸ் நிறுத்தத்தில்தான் திரும்பியது என்று எனக்குப் புரிய இவ்வளவு காலம் ஆயிற்று.

அடுத்த வருடமே தபால் வழியில் மேலே படிக்க ஆரம்பித்தாய். பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் படித்தாய். பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று எழுதி வைக்க ஆயிரம் பதிவேடு இருக்கிறது, என்ன தெரியாது என்று எழுதி வைக்க ஒன்றுகூட இல்லையே என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாய். எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. தெரியாததைப் போய் யாராவது ஆராய்வார்களா என்று உன் முகத்துக்கு நேரே சிரித்தேன்.

தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதில் நீளமான கோடு போட்ட நோட்டு. தென்னேரிப் பக்கம், கூரம் பக்கம் என்று பஸ் போகாத பள்ளிக்கெல்லாம் நடந்து போனாய். வகுப்பின் கடைசியில் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுவாய். நோட்டில் இடது பக்கம் பிள்ளை சொன்னது. வலது பக்கம் நீ நினைத்தது. பிள்ளை 'பெருசா கீது' என்று சொன்னால் அப்படியே 'பெருசா கீது'தான். நான் ஒரு முறை உன் நோட்டை வாங்கிப் பார்த்து, இதையாவது நல்ல தமிழில் எழுதக் கூடாதா என்று கேட்டேன். "புள்ள சொன்னத அப்டியே எழுதணும். திருத்துனா அது உன் பதிலு" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டாய். அப்புறம் பயிற்சி வகுப்புகளுக்கு வந்த அத்தனை ஆசிரியர்களிடமும் அதையே சொன்னாய் என்று கேள்விப்பட்டேன்.

கணக்குப் பயிற்சி நூல் எழுத சென்னையில் ஒரு குழு போட்டு, அதில் உன்னைச் சேர்த்தபோது நீ நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாய். யார் குழுவில் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று நம் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் சோழர் காலத்திலேயே கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிறார்களே, அதில் உன்னைத் தள்ள ஏதாவது வரி இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வா என்று கிண்டல் செய்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

பின்னப் பாடத்தை உன்னிடம் கொடுத்தார்கள். இரண்டு வருடம் அதையே கட்டிக்கொண்டு அழுதாய். நான்கு என்ற எண் மூன்றை விடப் பெரியது. அதனால் நான்கில் ஒன்றும் மூன்றில் ஒன்றை விடப் பெரியது என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள், அதில் பிள்ளைகள் மேல் தப்பில்லை என்பாய். படம் காட்டினால் தலையாட்டுவார்கள், மறுநாள் கேட்டால் பழையபடி நான்குதான் என்பார்கள். அதற்காக நீ செய்ததுதான் தண்ணீர்ப் பாடம். ஒரு குவளைத் தண்ணீரை மூன்று கண்ணாடி டம்ளரில் சமமாக ஊற்ற வேண்டும். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் டம்ளருக்கு ஒரு ரப்பர் பேண்டு போட வேண்டும். திரும்ப எல்லாவற்றையும் குவளையில் கொட்டி, இப்போது நான்கு டம்ளரில் ஊற்ற வேண்டும். தண்ணீர் ரப்பர் பேண்டுக்குக் கீழே நின்றுவிடும். பங்குக்கு ஆள் கூடினால் பங்கு குறையும். பிள்ளையே பார்த்துக்கொள்ளும், டீச்சர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கம் வேண்டும் என்று நீ கேட்டாய். குழுவில் பக்கக் கணக்குப் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றாமல், படத்தோடு மட்டும் ஐந்து பள்ளிகளில் நடத்திப் பார்ப்போம், பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் இரண்டு பக்கத்தையும் சேர்ப்போம் என்று முடிவாயிற்று. அந்த ஐந்தில் ஒன்று என் பள்ளி.

பிள்ளைகள் தடுமாறினால்தான் உன் பக்கங்கள் பிழைக்கும். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் பிள்ளைகளைத் தடுமாற வைத்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய். அதுவும் சரிதான், செய்திருப்பேன். சொல்லாததால் நான் வேறொன்று செய்தேன். என் சிநேகிதி எழுதிய பாடம், சென்னைக்குப் போகப் போகிற அறிக்கை, என் வகுப்பில் அது சொதப்பலாமா? முந்தின நாளே அந்தப் பாடத்தை மூன்று முறை நடத்தினேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்து பேருக்குப் பதில் ஏறியது. மற்ற பதினாறு பேருக்கு ஏறவில்லை. அந்தப் பதினாறு பேருக்கும் இடது கையைச் சொல்லிக் கொடுத்தேன்.

நீ வந்து கடைசியில் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாய். நான் தர்பூசணிப் படத்தைக் காட்டி நடத்தினேன். மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா, எது பெரிது என்று கேட்டேன். இருபத்தொரு கை. எனக்கு அவ்வளவு பெருமை. வலது கைகளாகப் பார்த்து ஒவ்வொருவராக எழுப்பினேன், ஒருவர் பாக்கியில்லாமல் சரியாகச் சொன்னார்கள். ஒரே ஒரு முறை நீ பின்னாலிருந்து, "அந்தப் பொண்ணு சொல்லட்டுமே" என்றாய். ஜன்னலோரம் இருந்த பெண். இடது கை. எழுந்து நின்று, "தெரியல மிஸ். தண்ணி கிண்ணி ஊத்திப் பாத்தா தெரியும்" என்றது. நீ அந்த வார்த்தையை எங்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதுவாகவே சொன்னது. நான் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று எண்ணியிருந்த ஐந்து பேரில் அது இல்லை.

"உட்காரு" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்து எழுதினாய். மத்தியானம் என் டிபன் பாக்ஸில் இருந்து பாதி சாப்பிட்டாய். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு நன்றாக இருந்தது என்றாய். படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'கை உயர்த்தியோர்: இருபத்தொருவரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். வழக்கமாக பஸ் நிறுத்தம் வரை கூட வா என்பாய். அன்று கூப்பிடவில்லை.

குழுவில் என் படிவத்தைத்தான் எடுத்து வைத்துப் பேசினார்களாம். வயல் நடுவில் இருக்கும் பள்ளியிலேயே எல்லாப் பிள்ளைக்கும் புரிந்துவிட்டது, அப்புறம் தண்ணீர் எதற்கு என்று கேட்டார்களாம். மற்ற நான்கு பள்ளிகளில் பிள்ளைகள் திணறியதை, அந்த ஆசிரியர்கள் சரியாக நடத்தவில்லை என்று தள்ளிவிட்டார்கள். என் படிவத்தை ஒதுக்குங்கள் என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் போதும். ஏன் என்று கேட்டிருப்பார்கள். நீ சொல்லவில்லை. பக்கங்கள் போயின.

புத்தகம் வந்த வருடமே புகார் வந்துவிட்டது. எந்தப் பள்ளியில் கேட்டாலும் நான்கில் ஒன்றுதான் பெரிது. அது மட்டும் என்றால் பரவாயில்லை, அங்கே சறுக்கிய பிள்ளைகள் அதற்குப் பிறகு வந்த எதையும் பிடிக்க முடியாமல் விட்டார்கள். எனக்கு அடுத்த வருடம் வந்த வகுப்பும் அப்படித்தான். நான் கரும்பலகை முன் நின்று உன் தர்பூசணியைத் திட்டிக்கொண்டே நடத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குத் தர்பூசணி மேல் கோபம், எப்படி இருக்கிறது பார்.

உன்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அன்று சாயங்காலம் எனக்கு போன் செய்தாய். கூட்டத்தில் எல்லோர் முன்னும், முன்னோட்டத்தை நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாய். குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய்.

அதற்குப் பிறகு எந்தக் குழுவுக்கும் உன்னைக் கூப்பிடவில்லை. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ஒரு மூலை அறை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் வேலை. உன்னைப் போல ஒருத்தியை அங்கே உட்கார வைத்தால் நோட்டை எடுத்துக்கொண்டு எங்காவது ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். நீ ஓடவில்லை. கடைசி எட்டு வருடத்தில் நீ ஒரு பாடம்கூட எழுதவில்லை. கேட்டால், மூட்டுவலி, பஸ் ஏற முடியவில்லை என்று சாக்குச் சொன்னாய். நானும் நம்புவது போல இருந்தேன். இருவரும் நன்றாகவே நடித்தோம்.

நோய் வந்தபோது மூன்று முறை உன்னைப் பார்க்க வந்தேன். மூன்றாவது முறை சொல்லிவிட வேண்டும் என்று முடிவோடுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் வாக்கியம்கூட அமைத்துக்கொண்டேன். நீ ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாய். பாதியாய் இளைத்திருந்தாய். கை மட்டும் பழைய கை. உன் வீட்டுக்காரர் காபி போட உள்ளே போனார். நாம் இருவரும் மட்டும் இருந்தோம்.

"இன்னாவோ சொல்லணும்னு வந்துகிற. மூஞ்சப் பாத்தா தெர்து" என்றாய்.

நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். நீ கொஞ்ச நேரம் காத்திருந்தாய். எவ்வளவு நேரம் என்று இப்போதும் எனக்குத் தெரியும். காபி கொதித்து இறக்கி டம்ளரில் ஊற்றும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தாய். பிறகு, "சரி, வுடு. வேர்க்கடல கொணாந்தியா?" என்றாய். கொண்டு வந்திருந்தேன். உன்னால் சாப்பிட முடியாது என்று தெரிந்தும் வறுத்துக் கொண்டு வந்திருந்தேன். பொட்டலத்தைக் கையில் வாங்கி, பிரிக்காமல் வைத்துக்கொண்டாய்.

பதினொரு நாள் கழித்து போன் வந்தது.

காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் உன் நோட்டுகளை எல்லாம் நிறுவனத்து நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். சாக்கு மூட்டையில் கட்டி வைத்திருக்கிறார்கள், இன்னும் யாரும் பிரிக்கவில்லை. ஒரு நோட்டை மட்டும் தனியாக எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். "இது ஒண்ண மட்டும் உங்க கையில குடுக்கச் சொன்னா" என்றார். அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் பஸ்ஸில் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன்.

என் வகுப்பில் உட்கார்ந்து நீ எழுதிய நாள். இடது பக்கத்தில்:

'வலது கை 5. இடது கை 16. ஜன்னலோரப் பெண்: தெரியல மிஸ். தண்ணி கிண்ணி ஊத்திப் பாத்தா தெரியும். (உட்கார வைக்கப்பட்டாள்.)'

வலது பக்கத்தில் எப்போதும் அடிப்பாகம் வரை நெருக்கி எழுதியிருப்பாய். அன்று ஒரே வரி.

'இந்தக் கையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.'

அவ்வளவுதான். என் மேல் ஒரு கோபம், ஒரு வருத்தம், எதுவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று உன்னைத் தெய்வமாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும் நீ. குழுவில் சொல்லாவிட்டாலும் என்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும். என் தலையில் இரண்டு குட்டுக் குட்டி, என்னடி செய்து வைத்திருக்கிறாய் என்று கேட்டிருந்தால், நான் அழுதுகொண்டே சென்னைக்கு உன்னோடு பஸ் ஏறியிருப்பேன். நீ உன் பழைய தப்புக்குத் தண்டனை அனுபவிக்கப் போய்விட்டாய். அந்தத் தண்டனையை உன்னோடு சேர்ந்து அனுபவித்த பிள்ளைகளை நாம் இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. இதை உன்னிடம் கோபமாகத்தான் சொல்கிறேன். கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தே சொல்கிறேன்.

நோட்டின் கடைசியில் அந்த இரண்டு பக்கங்களை மடித்து வைத்திருந்தாய். உன் கையெழுத்து, உன் கோணல் டம்ளர் படங்கள். கூடவே ஒரு சின்ன உறையில் ஏழு ரப்பர் பேண்டுகள். மன்னிப்பா, தண்டனையா என்று பல நாள் குழம்பினேன். திங்கட்கிழமை கட்டு வந்தபோதுதான் தெளிந்தது. இரண்டும் இல்லை. எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இப்போதிருக்கிற ஹெச்.எம். நம் பிள்ளைகள் வயதுப் பையன், நல்ல பையன். வியாழக்கிழமை முன்னோட்டம் பார்க்க ஆள் வருகிறார்கள், அதற்குள் பிள்ளைகளைக் கொஞ்சம் தயார் பண்ணி வைத்துவிடுங்கள் டீச்சர், பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுவிடக் கூடாது என்றான். அவனுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்று நாளும் அந்தப் பிரதிகளைப் பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பீரோ அதே பீரோதான்.

இன்று வந்தவள் சின்னப் பெண். சுடிதாரும் கையில் டேப்லெட்டுமாக வந்து, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தரையில் உட்காரவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, சும்மா கவனித்தேன். நான் பீட்சாப் படத்தைக் காட்டி, தாளில் இருந்தது இருந்தபடி நடத்தினேன். கேள்வி கேட்டேன். வகுப்பில் சத்தமே இல்லை. இவ்வளவு வருடத்தில் அதிகாரி முன்னால் என் வகுப்பு அப்படி இருந்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மூன்று கை எழுந்தது. எழுப்பினேன். மூன்று பேரும் நான்கில் ஒன்று என்றார்கள். வாசலில் நின்ற ஹெச்.எம். வெளியே போய்விட்டான்.

அப்போது நான்காவதாக ஒரு கை எழுந்தது. இடது கை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், பார். அப்புறம்தான் புரிந்தது. அந்தப் பெண் இடது கைக்காரி. எழுதுவது, சாப்பிடுவது, கல்லெறிவது எல்லாம் அந்தக் கையில்தான். ஜூன் மாதத்திலிருந்து என் வகுப்பில் இருக்கிறாள். இத்தனை மாதத்தில் அவள் எத்தனை முறை கை தூக்கியிருப்பாள், நான் எத்தனை முறை அவளைத் தாண்டிப் பார்த்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு முறைகூட அவளை எழுப்பியதாக எனக்கு ஞாபகம் வரவில்லை.

"நீ சொல்லும்மா" என்றேன்.

அவள் எழுந்து, "எனக்கு ரெண்டுமே தெரியல டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டு உட்காராமல் நின்றாள். நான் உட்காரச் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்ததும் படிவத்தை நிரப்பினேன். 'கை உயர்த்தியோர்: நால்வர். விடை தெரிந்தவர்: எவருமில்லை. நால்வரில் ஒன்று இடது கை' என்று எழுதினேன். வந்த பெண் வாங்கிப் படித்தாள், முதல் இரண்டு வரியையும் தாண்டிப் போனாள். மூன்றாவது வரியைக் காட்டி, "இது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டாள்.

"நாற்காலிய இப்படிப் போட்டு உட்காரும்மா. சொல்றேன்" என்றேன்.

எல்லாம் சொன்னேன். அம்மை போட்டதிலிருந்து சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன், என் பெயரையும் சொன்னேன். அவள் நடுவில் இரண்டு முறை மணி பார்த்தாள், ஆனால் எழுந்து போகவில்லை. உன் இரண்டு பக்கங்களையும் கொடுத்தேன். போனில் படம் எடுத்துக்கொண்டாள். மேலே அனுப்புகிறேன், சேர்ப்பார்களா என்று சொல்ல முடியாது, அங்கே பக்கக் கணக்குப் பார்ப்பார்கள் என்றாள். அது எனக்குத் தெரியும் என்றேன். உன்னை அவளுக்குத் தெரியவில்லை. பயிற்சி நிறுவனத்தில் இரண்டு வருடம் படித்தவளாம். பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிற ஒரு மேடம் இருந்தாங்க, அவங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியதை வேறொருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். அது உன்னிடம் சொன்னதாக ஆகாது. காபி கொதிக்கும் வரை நீ காத்திருந்தாயே, அந்த நேரம் போனது போனதுதான்.

நாளைக்குக் குவளையும் டம்ளரும் வீட்டிலிருந்து எடுத்துப் போகிறேன். உன் ரப்பர் பேண்டுகளை இன்று இழுத்துப் பார்த்தேன், காய்ந்துபோய் மூன்று அறுந்துவிட்டன. மீதி நான்கு போதும். தண்ணீர் ஊற்றுவார்கள், தரையெல்லாம் நனையும், ஹெச்.எம். முகம் சுளிப்பான். நான் ஏதாவது கேட்பேன். அந்தப் பெண் இடது கையைத் தூக்குவாள். எனக்கு மறுபடியும் நெஞ்சில் அடிக்கும். நாளைக்கும், நாளை மறுநாளும், நான் ஓய்வு பெறும் வரைக்கும் அது அடிக்கத்தான் போகிறது. அடிக்க அடிக்கத்தான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.